நிழலுக்குத் தனி ரேட்

எழுத்துக்கு நாற்பது. நிழலுக்குத் தனியாக இருபது.
புள்ளிக்குக் காசு வாங்குவதில்லை,
புள்ளியின் நிழலுக்கும்.
காவேரிப்பட்டணத்தில் எவரும் இதில் பேரம் பேசியதில்லை,
முனிரத்தினத்தைத் தவிர.

அவர் மண்டி வடக்குப் பார்த்தது.
ஷட்டருக்கு மேலே வெள்ளைச் சுவர் முழுக்க
பங்காளிகள் இருவரையும் ஒரே வரியில் எழுதினேன்:
முனிரத்தினம் தீர்த்தகிரி மாங்காய் மண்டி.
மஞ்சள் உடம்பு. சுற்றிலும் நூல்பிடித்த சிவப்பு.
வலப்பக்கமும் அடிப்பக்கமும் கருநீல நிழல்,
இரண்டு விரற்கடை கனம்,
தட்டினால் தகரம்போல் சத்தம் வரும் என்று தோன்ற வேண்டும்.
‘தீ’யின் மேற்சுழிக்குள்
மிளகளவு வெள்ளை மிஞ்ச வேண்டும்,
இல்லையென்றால் அடைத்த காது.

நிழல் என்றால் எங்கோ சூரியன் இருந்தாக வேண்டும்.
என் சூரியன் எப்போதும் இடப்பக்க மேல்மூலையில்.
காலை ஒன்பது மணி.
மழையிலும் ஒன்பது,
கரண்ட் போன ராத்திரியிலும் ஒன்பது.

வடக்குச் சுவரில் வெயில் ஏறுவது வைகாசி ஆனியில்தான்.
மாங்காய் வந்து குவிவதும் அப்போதுதான்.
அந்த இரண்டு மாதம், ஒன்பது மணிக்கு,
சுவரில் அடித்த ஆணியின் நிழலும்
நான் தீட்டிய நிழலும் ஒரே பக்கம் சாயும்.
கணக்குப் போட்டுச் செய்ததல்ல.
கேட்பவர்களிடம் போட்டதாகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம், கூழ் ஃபேக்டரிக்குப் போன
பதினோரு லோடு பெங்களூராவில்
பத்துக்குத்தான் ரசீது இருந்தது.
முனிரத்தினம் கூப்பிட்டார்.
“தீர்த்தகிரியை அழி.”
“எழுத்து மட்டுமா, நிழலுமா?”
“அழிக்கவும் நிழலுக்குக் காசா?”
“ஏறினது தனியாத்தானே ஏறுச்சு.”
“எழுத்தை மட்டும் அழி. நிழலை எவன் படிக்கிறான்.”

மஞ்சளுக்கு மேல் இரண்டு கோட் வெள்ளை.
சிவப்பும் அதோடு போனது.
நிழலைத் தொடவில்லை, தூரிகையின் ஒற்றை மயிரால்கூட.
ஏணியை விட்டிறங்கி, ரோட்டைத் தாண்டி,
திரும்பிப் பார்த்தேன்.
முனிரத்தினம் மஞ்சளாக இருந்த இடத்தில் இருந்தார்.
பக்கத்தில் தீர்த்தகிரி
சுவரைவிட்டே வெளியே வந்திருந்தார்,
வெள்ளை வேட்டி கட்டியதுபோல.

பாரூரிலிருந்து வந்த டிராக்டர்காரர்
கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார்.
தீ. ர்த். த.
புள்ளிகள் இருந்த இடத்தில்
வெட்டிப் போட்ட நகம்போல இரண்டு கீற்று.
“அவருதானே? உள்ளே இருக்காரா?”
ஆனி முழுக்க இதே கேள்வி.
கல்லாவிலிருந்து தலை நிமிராமல்
“இல்லை” சொல்லப் பழகிக்கொண்டார் முனிரத்தினம்.
ஒரு நாள் அவரே நூற்றைம்பது ரூபாயை நீட்டினார்,
கணக்குப்படி நூற்றிருபதுதான்.
ஆடி பிறக்கட்டும் என்றேன்,
பர்கூரில் இரண்டு லாரி பாக்கி இருந்தது.

அதற்குள் தீர்த்தகிரி வந்தார்.
எதிர்வரிசையில் கடை பிடித்திருந்தார், தெற்குப் பார்த்தது.
“அதே எழுத்து, அதே மஞ்சள்.
ஒரு நூல் கூடக் குறையக் கூடாது.”

தெற்குச் சுவரில் இடது கை மேற்கு,
என் ஒன்பது மணி அங்கே செல்லாது,
நிழலை இந்தப் பக்கம் தள்ள வேண்டும்,
அதுவும் தை மாதம்தான் வெயில்
என்று விளக்கப் போனேன்.
கையமர்த்தினார்.
“நிழல் வேணாம்.
அதுதான் அங்கே இருக்கே.”

ஆறு எழுத்து, இருநூற்று நாற்பது. எழுதிக் கொடுத்தேன்.
இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் முப்பது அடி.
இவ்வளவு நீள நிழலை
நான் யாருக்கும் போட்டதில்லை,
காசும் வாங்கவில்லை.

இன்று ஆடி ஒன்று.
முனிரத்தினம் ஷட்டரைத் தூக்கிவிட்டார்.
ஏணியும் தோளுமாக நடுரோட்டில் நிற்கிறேன்,
பின்னால் ஒரு லோடு லாரி
ஹாரனை விடாமல் அழுத்துகிறது.
மணி ஒன்பது இருக்கும்.